நட்கிராக்கர் சிண்ட்ரோம்: பாக்குவெட்டிக்குள் ஒரு சிரை

நட்கிராக்கர் என்பது கொட்டை உடைக்கும் இடுக்கி. இடச் சிறுநீரகச் சிரை, அதாவது இடச் சிறுநீரகத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுசெல்லும் குழாய், அதில் சிக்கிய கொட்டையைப் போல இருப்பதாக 1937இல் எழுதியவர் உடற்கூற்றியலாளர் கிராண்ட். 1972இல் பெல்ஜியத்து மருத்துவர் டி ஷெப்பர் அதையே நோயின் பெயராக்கினார்.

நமக்குப் பழகிய கருவி பாக்குவெட்டி. அதன் இரு கைகளும் ஒரு முனையில் ஆணியால் சேர்ந்திருக்கும். பாக்கை ஆணியை ஒட்டித்தான் வைப்போம். வயிற்றுக்குள்ளும் அப்படியே. இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுவரும் பெருந்தமனி ஒரு கை, அதிலிருந்து கிளைத்துக் குடலுக்கு இறங்கும் தமனி மறு கை, கிளைக்கும் இடமே ஆணி. அந்தக் கவட்டுக்குள் நுழைந்துதான் இடச் சிரை, வலப்பக்கம் உள்ள கீழ்ப்பெருஞ்சிரைக்கு (இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பும் பெரிய குழாய்க்கு) போகவேண்டும். வலச் சிரைக்கு இந்தச் சிக்கல் இல்லை.

ஆனாலும் இந்த நோய்க்குத் தமிழில் ‘பாக்குவெட்டி’ என்று பெயர் வைத்தால் பொருள் பிசகும். இங்கே எதுவும் வெட்டுப்படுவதில்லை. சிலருக்குச் சிரை பெருந்தமனிக்குப் பின்னால் ஓடி முதுகெலும்போடு அழுந்தும். அங்கே பாக்குவெட்டி உவமையே பொருந்தாது. ‘இடச் சிறுநீரகச் சிரை நெரிவு’ என்ற பெயர் இரண்டுக்கும் பொருந்தும். இலங்கையில் சிரையை நாளம் என்பார்கள். ஸ்கேனில் இடுக்கம் மட்டும் தெரிந்தால் அது வெறும் நெரிவு. மெலிந்த, நலமான உடலிலும் அது தெரியலாம். தொல்லையும் சேர்ந்தால்தான் ‘நெரிவுக் கூட்டறிகுறி’ (சிண்ட்ரோம்). இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் தேவையில்லாத அறுவையில் போய் முடியும்.

சிரையில் அழுத்தம் ஏறினால் சிறுநீரகத்துள் மெல்லிய சிரைகள் கசிந்து சிறுநீரில் இரத்தம் வரும். இடவிலா வலியும் உண்டு. இடப்பக்க விரைச்சிரையும் சூலகச்சிரையும் இடச் சிறுநீரகச் சிரையில்தான் வந்து சேர்கின்றன. அதனால் ஆண்களுக்கு இடப்பக்க விரைச்சிரை வீக்கமும் பெண்களுக்கு அடிவயிற்றுக் கனமும் வரலாம். காலையில் எழுந்ததும் பிடித்த சிறுநீரில் புரதம் இல்லாமல், நடமாடியபின் பிடித்ததில் இருந்தால் அதுவும் ஒரு தடயம்.

முதலில் டாப்ளர் (இரத்த ஓட்டத்தின் வேகத்தைக் காட்டும் ஒலியலை ஸ்கேன்): இடுக்கத்தில் இரத்தம் பாயும் வேகம், சிரை சிறுநீரகத்தை விட்டு வெளியேறும் இடத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ 5 மடங்கானால் ஐயம் வலுக்கும். அடுத்து சிடி ஸ்கேன். அப்போதும் தெளியாவிட்டால் குழாய் செலுத்தி அழுத்தம் அளப்பார்கள். சிறுநீரகச் சிரைக்கும் கீழ்ப்பெருஞ்சிரைக்கும் இடையே 3 மி.மீ. பாதரசமோ அதற்கு மேலோ வேறுபாடு இருந்தால் நெரிவு உறுதிப்படும்.

18 வயதுக்குக் கீழே, கசிவு குறைவென்றால், குறைந்தது 2 ஆண்டாவது பொறுத்துப் பார்ப்பதே முறை. எடை கூடினால் கவட்டில் கொழுப்பு சேர்ந்து இடம் அகலும். கடும் வலியோ இரத்தச்சோகையோ நீடித்தால் சிரையை அறுத்து, கீழ்ப்பெருஞ்சிரையில் சற்றுக் கீழே இடம் மாற்றித் தைப்பார்கள். சிரைக்குள் ஸ்டென்ட் (விரித்துப் பிடிக்கும் வலைக்குழாய்) வைப்பது எளிதாகத் தோன்றும், ஆனால் நழுவினால் இதயம்வரை போய்விடும்.