கார்மில்லாவின் உறையாத இரத்தம்

ஹேமர் நிறுவனம் 1970ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தி வாம்பயர் லவ்வர்ஸ்' என்ற பிரிட்டிஷ் திகில் படத்தை அண்மையில் பார்த்த வாசகர் ஒருவர், புதைத்து நாள் பல கடந்த உடலில் இரத்தம் திரவமாகவே இருக்க முடியுமா, அல்லது அது முழுக்கக் கற்பனைதானா என்று கேட்டிருக்கிறார். ராய் வார்ட் பேக்கர் இயக்கிய அந்தப் படத்தில் கார்மில்லா என்னும் இரத்தக் காட்டேரியாக இங்கிரிட் பிட் நடித்திருந்தார். கல்லறைக்குள் அவள் நெஞ்சில் முளையை இறக்கித் தலையைத் துண்டிப்பவர் பீட்டர் குஷிங். கதையின் மூலம் ஷெரிடன் லே ஃபனு 1872இல் எழுதிய 'கார்மில்லா'. அதில் அவளுடைய ஈயப் பெட்டியில் ஏழு அங்குல ஆழத்துக்கு இரத்தம் நிற்பதாக வருகிறது. ஒரு சவப்பெட்டியின் அளவை வைத்துத் தோராயமாகக் கணக்கிட்டால், அதற்குச் சுமார் 100 லிட்டர் வேண்டும். அதாவது 20 பேருடைய உடலில் உள்ள இரத்தம் முழுவதும். அது கற்பனைதான். ஆனால் இரத்தம் உறையாமல் இருப்பது உண்மையில் நடப்பதே.

அதற்கு ஒரு பழைய சாட்சியம் இருக்கிறது. 1732 ஜனவரியில் செர்பியாவின் மெட்வெக்யா கிராமத்தில் காட்டேரிப் பீதி பரவியபோது, ஆஸ்திரிய இராணுவ மருத்துவர் ஜோஹன் ஃப்ளூக்கிங்கர் தலைமையில் கல்லறைகள் தோண்டப்பட்டன. பிரசவத்தை ஒட்டி இறந்து இரண்டு மாதமான, ஸ்டானா என்ற 20 வயதுப் பெண்ணின் உடலை அறுத்துப் பார்த்தவர்கள், இதயத்தை ஒட்டிய நாளங்களில் வழக்கம்போல் உறைந்த இரத்தம் இல்லை என்று அறிக்கையில் எழுதினார்கள். உயிரோடிருந்தபோது மெலிந்திருந்த மிலிட்சா என்ற 60 வயது மூதாட்டி, கல்லறையில் சதைப்பிடிப்போடு காணப்பட்டதாகவும் அதில் உள்ளது.

மிலிட்சாவின் செய்தியைப் புரிந்துகொள்ளப் பள்ளிப்பாடமே போதும். குடலில் வாழும் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் வாயுக்களால் உடல் உப்புகிறது. அந்த அழுத்தம் உதரவிதானத்தை மேலே தள்ளுவதால், நுரையீரலில் தேங்கிய செந்நிறத் திரவம் வாய் வழியாகவும் மூக்கு வழியாகவும் கசிகிறது. முளை இறங்கும்போது வெளியேறும் காற்று குரல்வளையைக் கடந்தால் முனகல் கேட்கிறது. குளிர்காலத்து மண்ணில் அழுகல் மெதுவாகவே நடக்கும். கிராமத்தார் கண்ணால் கண்டதில் பெரிய பிழை எதுவும் இல்லை. பிழையெல்லாம் அதற்குக் காரணம் கற்பித்ததில்தான். 1755இல் இதேபோன்ற மற்றொரு பீதியை ஆராய்ந்த மருத்துவர் கேரார்ட் வான் ஸ்வீட்டன் இவையெல்லாம் இயற்கை நிகழ்வுகளே என்று எழுதிக்கொடுக்க, பேரரசி மரியா தெரேசா பிணங்களைத் தோண்டித் தண்டிப்பதைத் தடைசெய்தார். ஒரு மருத்துவ அறிக்கையை நம்பி மூடநம்பிக்கைக்கு எதிராக அரசு இவ்வளவு விரைவாக ஆணையிட்டது, இன்றைய அரசுகளும் கவனிக்க வேண்டிய செய்தி என்பது என் கருத்து.

ஸ்டானாவின் இரத்தத்துக்கு வருவோம். காயம் பட்டால் இரத்தத் தட்டுக்கள் கூடுகின்றன, ஃபைப்ரினோஜன் என்ற புரதம் ஃபைப்ரின் இழைகளாக மாறுகிறது, இரத்தம் உறைகிறது. இது தெரிந்த கதை. அந்த இழைகளை வெட்டி அகற்றும் ஏற்பாடும் அதே இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதுதான் என்னை எப்போதும் வியக்கவைப்பது. அந்த வேலையைச் செய்யும் நொதி பிளாஸ்மின். அது பிளாஸ்மினோஜன் என்ற வடிவில், உறையிலிட்ட கத்தியாக, இரத்தத்தில் சுற்றிவருகிறது. உறையைக் கழற்றுவது இரத்த நாளங்களின் உட்சுவர்ச் செல்கள் சுரக்கும் டிபிஏ என்ற பொருள்.

எங்கு வெட்ட வேண்டும் என்பது அதற்கு எப்படித் தெரிகிறது? பிளாஸ்மினோஜனின் உடலில், லைசின் என்ற அமினோ அமிலத்தைப் பற்றிக்கொள்ளும் இடங்கள் உள்ளன. ஃபைப்ரின் இழையில் லைசின்கள் வெளியே தெரிவதால் அது அங்கே போய் ஒட்டுகிறது. டிபிஏயும் அதே இழையில் வந்து அமர்கிறது. இரண்டும் அருகருகே வந்தவுடன் பிளாஸ்மின் பிறக்கிறது. அது இழையை வெட்டும் ஒவ்வொரு முறையும் வெட்டுமுனையில் புதிய லைசின் ஒன்று வெளிப்பட, அது மேலும் பிளாஸ்மினோஜனை இழுக்கிறது. இப்படி வெட்டு வெட்டை வளர்க்கிறது. தப்பித் தவறிப் பிளாஸ்மின் இரத்த ஓட்டத்தில் கலந்துவிட்டால், அங்கே காத்திருக்கும் மற்றொரு புரதம் நொடிப்பொழுதில் அதைச் செயலிழக்கச் செய்கிறது. இழையைப் பற்றியிருக்கும்வரை மட்டுமே அதற்குப் பாதுகாப்பு. கோவிட் காலத்தில் நாம் அனைவரும் கேள்விப்பட்ட டி-டைமர் பரிசோதனை, இவ்வாறு வெட்டப்பட்ட துணுக்குகளை அளப்பதுதான்.

மரணம் இந்தச் சமநிலையைக் குலைக்கிறது. ஆக்சிஜன் கிடைக்காத உட்சுவர்ச் செல்கள் டிபிஏயைப் பெருமளவில் வெளியிடுகின்றன. திடீர் மரணங்களில், இறந்த பிறகு உண்டாகும் உறைவு விரைவிலேயே கரைந்துவிடுகிறது. மீண்டும் உறைவதற்கு ஃபைப்ரினோஜனும் மிஞ்சுவதில்லை என்பதால் அந்த இரத்தம் திரவமாகவே நின்றுவிடுகிறது. நெடுநாள் நோய்த்தொற்றில் இறந்தவர்களிடம் கெட்டியான உறைவுகள் எஞ்சுவது அதிகம். பிரசவச் சிக்கல்களிலோ, உறையவைக்கும் பொருள்கள் உயிர் இருக்கும்போதே தீர்ந்துபோவது உண்டு. ஸ்டானாவுக்கு நேர்ந்தது இதுதான் என்று உறுதியாகச் சொல்ல அந்த அறிக்கை இடம் தரவில்லையாயினும், உறையாத இரத்தத்துக்குக் காட்டேரியைத் தேடிப் போக வேண்டியதில்லை.

இந்த இயல்பை நம்பி, 1930 மார்ச்சில் மாஸ்கோவில் செர்கேய் யூதின் என்ற அறுவை மருத்துவர், இறந்தவரின் இரத்தத்தை உயிருக்குப் போராடிய ஒருவருக்கு ஏற்றினார். திடீரென இறந்தவர்களின் இரத்தம் தானாகவே உறைவு நீங்கிவிடுவதால், உறைதடுப்பு மருந்துகூடக் கலக்க வேண்டியிருக்கவில்லை. அங்கு இம்முறை ஆயிரக்கணக்கானோருக்குப் பயன்பட்டது. காட்டேரிக் கதைகளில் செத்தவர் உயிரோடிருப்பவரிடம் இரத்தம் குடிப்பார், மாஸ்கோவில் கொடுத்தார். இன்று மூளையின் இரத்தக்குழாயில் அடைப்பு ஏற்பட்டவர்களுக்கு முதல் சில மணி நேரத்துக்குள் செலுத்தப்படுவதும் ஆய்வகத்தில் தயாரித்த டிபிஏ அல்லது அதன் உறவு மருந்துதான். இரத்தம் குடிக்கும் வௌவாலின் எச்சிலில் உள்ள இதன் ஒன்றுவிட்ட சகோதரனையும் மருந்தாக்கிப் பார்த்தார்கள். பெரிய சோதனைகளில் அது எதிர்பார்த்த பயனைத் தரவில்லை.

இதற்கு நேரெதிரான தேவையும் உண்டு. பிரசவத்துக்குப் பின் இரத்தம் நிற்காமல் போகும் பெண்களிடத்தில் பிளாஸ்மினை அடக்கியாக வேண்டும். ஜப்பானிய மருத்துவர் உத்தாகோ ஒகமோட்டோ, போருக்குப் பிந்தைய வறுமையில், தன் கணவரோடு இரத்தத்தை ஆராயத் தொடங்கினார். ஆய்வுப் பொருள் போதாவிட்டால் சொந்த இரத்தத்தையே எடுத்துக்கொள்ளலாம் என்பதும் அதைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம். நிதி ஒதுக்கும் குழுக்களில் அமர்பவர்கள் இதைத் தியாகக் கதையாகப் பாராட்டிவிட்டுக் கடந்துபோவது எனக்கு உவப்பானதில்லை. அது அவர்கள் வெட்கப்பட வேண்டிய செய்தி. லைசினைப் போலவே தோற்றமளித்து, பிளாஸ்மினோஜனின் பிடிகளில் முன்கூட்டியே போய் அமர்ந்துகொள்ளும் சிறிய மூலக்கூறு ஒன்றை அத்தம்பதியர் 1962இல் வெளியிட்டனர். அதுவே டிரனெக்சாமிக் அமிலம். பிடி அடைபட்டதால் பிளாஸ்மினோஜன் இழையில் ஒட்ட முடிவதில்லை, உறைவு கரையாமல் நிற்கிறது. 21 நாடுகளில் சுமார் 20,000 தாய்மாரிடம் நடத்தப்பட்ட சோதனையின் முடிவு 2017இல் வெளிவந்தது. பிரசவித்த 3 மணி நேரத்துக்குள் இந்த மருந்தைச் செலுத்தினால் இரத்தப்போக்கினால் நேரும் மரணங்கள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகின்றன என்று அது காட்டியது. அதற்கு முந்தைய ஆண்டே ஒகமோட்டோ காலமாகிவிட்டார்.