ஒளி கூடினால் மருந்து வேலை செய்ததா?

'சோதனைக்கூடத்தில் வளர்த்த செல்களில் இந்த மூலிகைச் சாறு என்.எஃப். கப்பா-பி என்ற புரதத்தை அடக்கியது' என்றெல்லாம் செய்தி வருகிறதே, செல்லுக்குள் ஒரு புரதம் அடங்கியதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பல சமயம் மின்மினிப் பூச்சியின் தயவில்தான்.

என்.எஃப். கப்பா-பி ஒரு படியெடுத்தல் காரணி. டி.என்.ஏ.வில் தனக்குரிய இடத்தில் உட்கார்ந்து, பக்கத்து ஜீனை முடுக்கிவிடும் புரதம். ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் 1986-இல் இதை அடையாளம் கண்டார்கள். சாதாரணமாக வேறொரு புரதம் இதை உட்கருவுக்கு வெளியே பிடித்து வைத்திருக்கும். அழற்சிச் சமிக்ஞை வந்ததும் அந்தப் புரதம் சிதைக்கப்படும். என்.எஃப். கப்பா-பி உள்ளே போய் டி.என்.ஏ.வில் 10 எழுத்து நீள வரிசை ஒன்றைப் பற்றிக்கொள்ளும்.

அந்த 10 எழுத்தைச் சில முறை அடுத்தடுத்து வைத்து, அதற்குப் பின்னால் மின்மினிக்கு ஒளி தரும் நொதியான லூசிபெரேஸின் ஜீனைக் கோத்து, செல்லுக்குள் புகுத்துகிறார்கள். காரணி விழித்தால் லூசிபெரேஸ் உருவாகும். சில மணி நேரம் கழித்து செல்லை உடைத்து, அந்த நொதி ஒளியாக்கும் பொருளான லூசிபெரினும் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யும் சேர்த்தால் மஞ்சள்-பச்சை ஒளி வரும்; கருவி அதை அளக்கும். நம் செல்களில் இந்த நொதியே கிடையாது என்பதால் பின்னணி வெளிச்சத் தொல்லை மிகக் குறைவு. செல் வளர்க்கும் தட்டில் குழிக்குக் குழி செல்களின் எண்ணிக்கை மாறுமே? அதைச் சரிக்கட்ட, ரெனில்லா என்ற கடல் உயிரியின் லூசிபெரேஸையும், காரணியை நம்பாமல் எப்போதும் உருவாகும்படி கூடவே வைத்து, மின்மினி ஒளியை ரெனில்லா ஒளியால் வகுத்துக்கொள்வார்கள்.

சரி, சுவாரசியமான இடம் இனிமேல்தான். நாம் சோதிக்கும் மருந்து, காரணியைத் தொடாமல் லூசிபெரேஸையே தடுத்தால் என்ன ஆகும்? ஒளி குறையும் என்றுதான் தோன்றும். பல நேரம் கூடுகிறது! மின்மினி நொதி நம் செல்களுக்குள் நெடுநேரம் தாங்குவதில்லை. சில மணி நேரத்தில் பாதி சிதைந்துவிடும். தடுப்பான் வந்து நொதியின் பள்ளத்தில் அமர்ந்தால், ஆடும் பந்தக்காலுக்கு முட்டுக் கொடுத்ததுபோல் அது நிலைத்துவிடுகிறது. உற்பத்தி அதேதான், சிதைவு மட்டும் குறைவு. நொதி சேர்ந்துகொண்டே போகிறது. கடைசியில் நாம் தாராளமாக ஊற்றும் லூசிபெரினும் ஏ.டி.பி.யும் தடுப்பானைத் தள்ளிவிட, குவிந்து கிடந்த நொதி முழுவதும் ஒளிர்கிறது. ஜீன் முடுக்கப்படவே இல்லை, எண் மட்டும் எகிறுகிறது.

இது வெறும் கற்பனை இல்லை. அட்டலூரென் என்ற மரபுநோய் மருந்தைத் தேடிப்பிடிக்க மின்மினி ஒளியைத்தான் பயன்படுத்தியிருந்தார்கள். அந்த ஒளி இப்படி நொதி நிலைப்பட்டதால் வந்திருக்கலாம் என்று 2009-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்த மருந்து பற்றிய சர்ச்சை அதற்குப் பின்னும் ஓயவில்லை.

தப்பிக்க வழிகள் எளியவைதான். சுத்திகரித்த லூசிபெரேஸோடு மருந்தைத் தனியாகக் கலந்து பார்க்கலாம். மின்மினிக்குச் சம்பந்தமில்லாத நொதியை வைத்து மறுபடி செய்யலாம். அப்புறம், அந்தக் காரணி இயல்பாக முடுக்கும், அழற்சியோடு தொடர்புள்ள ஐ.எல்.-8 ஜீனின் ஆர்.என்.ஏ.வை நேரடியாக அளக்கலாம். இதற்கெல்லாம் ஆகும் பணமும் நேரமும் மானிய விண்ணப்பத்தில் 'புதுமை இல்லாத செலவு' என்று முதலில் வெட்டுப்படுவதுதான் எனக்கு எரிச்சல். மூலிகைச் சாறுகளுக்கோ இந்தச் சோதனைகள் இன்னும் அவசியம். ஒரே சாற்றில் எத்தனையோ வேதிப்பொருட்கள் இருக்கும், அவற்றில் எது லூசிபெரேஸைப் பிடித்தது என்று வெளிச்சத்தை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது.