பங்கு: சொல்லின் பொருளும் வழியும், வடக்கன்குளத்தைச் சான்றாக வைத்து

கத்தோலிக்கர் பேச்சில் வரும் 'பங்கு' என்ற சொல்லை வெளியார் பெரும்பாலும் கோவில் கட்டடம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். செய்தித்தாள்களும் 'பாரிஷ்', 'பாரிஷ் சர்ச்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. ஓர் எல்லைக்குள் வாழும் கிறிஸ்தவ மக்கள், அவர்களுடைய ஆன்மிகப் பொறுப்பை ஏற்கும்படி ஆயர் (பிஷப்) நியமித்த ஒரு குரு, அந்த மக்களின் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) முதல் அடக்கம் வரை எழுதிவைக்கும் ஏடுகள் இவை மூன்றும் சேர்ந்ததே பங்கு. கோவில் இடிந்து மறுபடி கட்டப்படும் பத்தாண்டுகளும் பங்கு பங்காகவே இருக்கும். 1983இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 515ஆம் சட்டம் இதைத்தான் சொல்கிறது: பங்கு என்பது நிலையாக நிறுவப்பட்ட ஒரு நம்பிக்கையாளர் குழுமம். அதை நிறுவவோ மாற்றவோ கலைக்கவோ ஆயருக்கு மட்டுமே அதிகாரம் உண்டு; அவரும் குருக்கள் மன்றத்தின் கருத்தைக் கேட்காமல் செய்யக்கூடாது.

மேலை மொழிகளில் இதற்கு வழங்கும் சொற்கள் எல்லாம் 'பரோய்க்கியா' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தவை. 'பரா' என்றால் பக்கத்தில், 'ஓய்க்கோஸ்' என்றால் வீடு. பரோய்க்கோஸ் என்பவர் ஊரில் குடியிருந்தும் ஊர்க்குடி உரிமை இல்லாதவர், வந்தேறி. தம் நிலையான நாடு இவ்வுலகம் அல்ல என்று நம்பிய முதல் கிறிஸ்தவர்கள் தங்கள் கூட்டத்துக்கு இந்தப் பெயரை விரும்பியே வைத்துக்கொண்டார்கள். தொடக்கத்தில் அது ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள முழுப் பகுதியையும் குறித்தது. ஊர்ப்புறங்களில் தனிக் குருக்களை வைக்க வேண்டிய அளவுக்குச் சபை பெருகியபின் பொருள் சுருங்கி, ஒரு குருவின் பொறுப்புக்கு வந்தது. இலத்தீனில் பரோக்கியா, பிரெஞ்சில் பருவாஸ், ஆங்கிலத்தில் பாரிஷ்.

தமிழ்ச் சொல் வேறு திசையிலிருந்து வருகிறது. பகு, பகிர், பகுதி ஆகியவற்றோடு சேர்த்து எண்ண வேண்டியது பங்கு. உமையை ஒரு பாகத்தில் வைத்திருப்பவன் என்ற பொருளில் சம்பந்தர் சிவனைத் 'தோளி பங்கன்' என்கிறார். தஞ்சைப் பகுதியிலும் தொண்டை நாட்டிலும் ஊர் நிலத்தைப் பங்குகளாக எண்ணி வைத்திருந்தார்கள், பங்குடையவர் பங்காளி. ஆக, பங்கு என்றால் பெரியதொன்றிலிருந்து ஒருவர் பொறுப்புக்கு ஒதுக்கப்பட்ட கூறு. ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள மறைமாவட்டம் முழுமை, அதில் ஒரு குருவின் கைக்கு ஒப்படைக்கப்படுவது பங்கு. கிரேக்கச் சொல் மக்களின் நிலையைச் சொல்ல, தமிழ்ச் சொல் பொறுப்பின் அளவைச் சொல்கிறது. மொழிபெயர்ப்பாகப் பார்த்தால் இரண்டும் ஒட்டாது. நிர்வாகச் சொல்லாகப் பார்த்தால் பங்கு மிகச் சரியாகப் பொருந்துகிறது.

பழைய எழுத்துகளில் 'விசாரணை' என்ற வழக்கையும் காணலாம். 'விசாரணைக் குரு', 'தனி விசாரணை ஆயிற்று' என்ற தொடர்களைப் படிப்பவர்கள் ஏதோ வழக்கு நடந்ததாக எண்ணிவிடக்கூடாது. மக்களின் நலத்தை விசாரித்து நடத்துவது என்பதே அங்கே பொருள். இன்று அது பங்கு, பங்குத்தந்தை என்றாகிவிட்டது. பேச்சில் பங்குச்சாமி, சாமியார். 'பாதிரி' போர்த்துக்கீசிய வழிச் சொல். கத்தோலிக்கர் தங்கள் குருவை அப்படி அழைப்பதில்லை.

சொல்லை நடைமுறையில் பார்க்க ஓர் ஊரை எடுத்துக்கொள்ளலாம். திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில், இராதாபுரம் பக்கம் உள்ள வடக்கன்குளம். மதுரை மிஷனை நடத்திய சேசுசபைத் துறவிகள் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில், காமநாயக்கன்பட்டியின் கிளையாக இதை வளர்த்தார்கள். 1745 மே 14 அன்று, திருவிதாங்கூர் அரசப் பணியிலிருந்த நட்டாலம் நீலகண்ட பிள்ளை இங்கேதான் புத்தாரி அடிகளிடம் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். டச்சுத் தளபதி டிலனாய் அவரைக் கடிதத்துடன் எல்லை தாண்டி இங்கே அனுப்பினார். திருவிதாங்கூர் அரசின் கைக்கு வெளியே இருந்த இடம் என்பதால் அது தோதாக இருந்தது. அவருடைய மனைவி ஞானப்பூவும் கணவரின் மறைவுக்குப்பின் இந்த ஊரில் வாழ்ந்து இங்கேயே அடக்கமானார். சொந்த நாட்டில் இருக்க முடியாமல் வந்து தங்கியவர். பரோய்க்கோஸ் என்ற சொல்லுக்கு இதைவிட நேரான சான்று கிடைப்பது அரிது.

அதே ஊர், பங்கு என்ற சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டால் என்ன ஆகும் என்பதையும் காட்டுகிறது. 1872இல் எழுந்த திருக்குடும்பக் கோவிலுக்கு இரண்டு நடுக்கூடங்கள்; இரண்டும் பீடத்தில் வந்து சேரும். வெள்ளாளருக்கு ஒரு கை, நாடார் முதலியோருக்கு மறு கை. அந்த வடிவத்தால் 'கால்சட்டைக் கோவில்' என்ற பெயரும் அதற்கு ஏற்பட்டது. ஒரே பீடம், ஒரே குரு, ஆனால் சாதிக்கொரு பாகம். 1910இல் கௌசானல் அடிகள் தடுப்புச் சுவரை அகற்றினார். தங்கள் தனியுரிமை போயிற்று என்று ஒரு சாரார் திருச்சி ஆயர் பார்த் மீது வழக்குத் தொடர்ந்தனர். சென்னை உயர்நீதிமன்றம் அந்த உரிமைக் கோரிக்கையை ஏற்கவில்லை. நிலத்தில் பங்கு என்றால் எனக்குரிய கூறு. திருச்சபையில் பங்கு என்றால் யாருக்கும் தனியாகக் கூறுபோட்டுத் தர முடியாதது. இந்த வேறுபாடு இன்றும் கல்லறைத் தோட்டங்களிலும் தேர்த் தெருக்களிலும் மறக்கப்படுவது வேதனையானது. தீர்ப்பு வந்துவிட்டது என்பதற்காகப் பிரச்சினை ஓயவில்லை.

பங்கு வரலாறு எழுத உட்காருபவர்கள் சறுக்கும் முதல் இடம் ஆண்டுகள். ஓர் ஊரில் முதல் ஓலைக் கோவில் போட்ட ஆண்டு, காரைக் கோவில் எழுந்த ஆண்டு, குரு வந்து தங்கிய ஆண்டு, ஆயரின் ஆணையால் தனிப்பங்கான ஆண்டு இவை நான்கும் வேறு வேறு. யூபிலி மலர்களில் இவற்றைக் கலந்துவிடுவதால், தாய்ப்பங்கைவிடக் கிளைப்பங்கு மூத்ததாகிவிடும் விபரீதம் நடக்கிறது. இன்னொன்று மேலிடம். வடக்கன்குளம் இருக்கும் பகுதியே மதுரை மிஷன், 1886இல் ஆயராட்சி அமைப்பு வந்தபின் திருச்சி, 1923 முதல் தூத்துக்குடி என்று கை மாறியிருக்கிறது. ஆகவே 1923க்கு முந்தைய கடிதங்களைத் தூத்துக்குடி ஆயரகத்தில் மட்டும் தேடினால் போதாது; திருச்சியையும், சேசுசபையின் காப்பகத்தையும் பார்க்க வேண்டும்.

கிளைக்கிராமம் தனிப்பங்காகும் முறை இது. குரு தங்க வீடும், அவரைத் தாங்கும் வருமானமும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எந்தெந்த ஊர்கள் புதுப் பங்கில் சேரும் என்று எல்லை வகுப்பார்கள். ஆயர் எழுத்தில் ஆணை தருவார். அன்று முதல் புதுப் பங்கில் திருமுழுக்குத் தொட்டியும் முத்திரையும் தனி ஏடுகளும் இருக்க வேண்டும். பழைய ஏடுகள் பிரிக்கப்படாமல் தாய்ப்பங்கிலேயே நிற்கும். தாத்தாவின் பதிவைத் தேடி இன்றைய பங்குக்குப் போய் 'இல்லை' என்ற பதிலோடு திரும்புபவர்களுக்கு இதுதான் காரணம்: அவர் பிறந்தபோது ஊர் வேறொரு பங்கின் கிளையாக இருந்திருக்கும்.

ஏடுகளில் முதன்மையானது திருமுழுக்கு ஏடு. பெயர், பிறந்த நாள், திருமுழுக்கு நாளும் இடமும், பெற்றோர், ஞானப்பெற்றோர், திருமுழுக்குக் கொடுத்தவர் என்று ஒரு வரி. அதன் ஓரத்தில் இடம் விட்டிருக்கும். பின்னாளில் உறுதிபூசுதல், திருமணம், குருப்பட்டம், துறவியாவோரின் நிரந்தர வார்த்தைப்பாடு எது நடந்தாலும் அந்த ஓரத்தில் குறிக்க வேண்டும். திருமணம் வேறு பங்கில் நடந்தால், நடத்திய குரு திருமுழுக்குப் பெற்ற பங்குக்கு எழுதித் தெரிவிப்பது கடமை. அந்தக் கடிதம் போகாவிட்டால், மணமானவர் ஏட்டில் மணமாகாதவராகவே இருப்பார். திருமணத்துக்கு முன் பழைய சான்றிதழ் போதாது, புதிதாக எடுத்து வா என்று குரு சொல்வது இந்த ஓரக்குறிப்பைப் பார்ப்பதற்காகத்தான். மணமக்களின் பெயரைக் கோவிலில் அறிவித்து மூன்று ஞாயிறு 'ஓலை வாசிப்பதும்' அதே எச்சரிக்கையின் இன்னொரு பகுதி. தலைப்பிள்ளைக்குத் தாயின் ஊரில் திருமுழுக்குக் கொடுக்கும் வழக்கத்தால், பதிவு தந்தையின் பங்கில் இருக்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பெயர்கள் அடுத்த சிக்கல். பழைய ஏடுகளில் குருக்கள் இலத்தீனில் எழுதினார்கள். வீட்டில் இராயப்பன், ஏட்டில் பெத்ருஸ். சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ், முடியப்பன் ஸ்தேஃபானுஸ், சூசை யோசேஃபுஸ், ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ், சந்தியாகு யாக்கோபுஸ், பெலவேந்திரன் அந்திரேயாஸ். இந்த இணைகளைத் தெரியாமல் ஏட்டைப் புரட்டினால், கண்ணெதிரே இருக்கும் பாட்டனைத் தாண்டிப் போய்விடுவோம். மிஷனரிகளும் உபதேசியார்களும் சேர்ந்து வழங்கவைத்த இந்தத் தமிழ்ப் பெயர்கள் பீட்டர், பால், ஜான் என்று மாறிவருவது ஏட்டைப் படிப்பதையும் கடினமாக்குகிறது. அழகான பெயர்களும் போகின்றன.

மற்றத் திருச்சபைகளின் சொற்களைக் கத்தோலிக்கப் பங்குக்கு ஏற்றக்கூடாது. திருநெல்வேலிச் சீர்திருத்தச் சபையில் பல ஊர்ச் சபைகள் சேர்ந்த குருவின் எல்லை சேகரம்; அங்கே மறைமாவட்டத்துக்கு ஈடு திருமண்டலம். மலையாளத்தில் இதற்கு வழங்குவது இடவக. கத்தோலிக்க வழக்கில் மேலிருந்து வந்தால் மறைமாவட்டம், பல பங்குகள் சேர்ந்த மறைவட்டம், பங்கு, கிளைக்கிராமம். பங்குக்குள்ளே வீட்டுத்தொகுதிகள் அன்பியங்கள். மறைமாவட்டத்துக்குப் பழைய சொல் மேற்றிராசனம், ஆயருக்கு மேற்றிராணியார்.

எழுதுபவர்கள் 'பாரிஷ்' என்ற இடத்தில் பங்கு என்றும், 'பாரிஷ் சர்ச்' என்ற இடத்தில் பங்குக்கோவில் என்றும், 'பாரிஷ் கவுன்சில்' என்ற இடத்தில் பங்குப்பேரவை என்றும் எழுதலாம். பங்குமக்கள் என்பது ஒரே சொல். பிரித்து எழுத வேண்டியதில்லை. 'திருச்சபை' என்பதைப் பங்குக்குப் பதிலாகப் போடுவது பிழை, அது உலகம் முழுவதும் பரந்த சபையைக் குறிக்கும். பங்குச்சந்தை, பங்குதாரர் முதலிய வணிகச் சொற்களோடு குழம்பும் என்று தோன்றும் இடத்தில் 'கத்தோலிக்கப் பங்கு' என்று ஒருமுறை எழுதிவிட்டால், பிறகு பங்கு என்று மட்டும் எழுதிப் போகலாம்.