காற்று படாத இடத்தைத்தான் துரு தின்கிறது

திருத்துறைப்பூண்டிப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேள்வி அனுப்பியிருக்கிறார். தாத்தா வாங்கிய அம்பாசிடர். அப்பா காலத்தில் கொட்டகைக்குள் போனது, மேலே டார்ப்பாய் போட்டு, அதற்கும் மேலே வைக்கோல் அடுக்கி, பத்திரமாக வைத்திருப்பதாக எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். இப்போது பேரன் எடுத்து ஓட்ட ஆசைப்படுகிறார். பெயிண்ட் உரிந்து வெறும் இரும்பு தெரிகிற கூரைத் தகரத்தில் மேலாகச் சிவப்புப் பூத்ததோடு சரி, ஆனால் கால் வைக்கிற ரப்பர் மேட்டைத் தூக்கினால் மண்தரை தெரிகிறதாம். "துருப்பிடிக்க ஆக்சிஜன் வேண்டும் என்றுதானே சார் படித்தோம், காற்று படுகிற இடம் தப்பித்து மூடிக்கிடந்த இடம் எப்படி ஓட்டையானது?"

அருமையான கேள்வி. எஞ்சினைப் பற்றி அவர் கேட்கவில்லை, இருந்தாலும் அதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பழைய பெட்ரோல் பிசினாகியிருக்கும், டேங்கையும் கார்புரேட்டரையும் கழுவ வேண்டும். பிளக்குகளைக் கழற்றி சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள், எடுத்த எடுப்பில் செல்ஃப் கொடுக்காமல் ஹேண்டில் போட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். பிரேக் ரப்பர்கள், டயர், எலி கடித்த ஒயர், இதெல்லாம் காசு கொடுத்தால் தீருகிற விஷயம். உடம்புதான் பிரச்சினை. 1957-ல் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை வைத்து மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் செய்ய ஆரம்பித்து 2014 வரை ஓட்டிய இந்த வண்டிக்கு, ஜீப்புக்கு இருப்பது மாதிரி தனிச் சேஸிஸ் கிடையாது. தரைத் தகரமும் கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டி மாதிரியான சட்டமும் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகின்றன, அதனால் தரையில் விழுகிற ஓட்டையை அழகுக் குறை என்று விட்டுவிட முடியாது.

சரி, துருவுக்கு வருவோம். இரும்பு அணு இரண்டு எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனியாக நீருக்குள் இறங்குகிறது, அந்த எலக்ட்ரான்களை ஆக்சிஜனும் நீரும் வாங்கிக்கொண்டு ஹைட்ராக்சைடு ஆகின்றன. இது பத்தாம் வகுப்புப் பாடம். பாடத்தில் அழுத்திச் சொல்லாமல் விடுவது என்னவென்றால், இந்த இரண்டும் ஒரே இடத்தில் நடக்க வேண்டிய அவசியமே இல்லை. இரும்பு ஓரிடத்தில் கரையலாம், ஆக்சிஜன் இன்னோர் இடத்தில் எலக்ட்ரானை வாங்கலாம், நடுவில் எலக்ட்ரான் ஓடுவதற்கு இரும்பே கம்பியாக இருக்கிறது.

இதைக் கண்ணுக்கு முன்னால் காட்டியவர் கேம்பிரிட்ஜில் இருந்த உலிக் எவன்ஸ். 1920-களில் அவர் செய்த சோதனை இவ்வளவுதான்: நன்றாகத் தேய்த்த இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர். அதில் இரண்டு நிறங்காட்டிகள் கலந்திருக்கும். பினாப்தலீன், ஹைட்ராக்சைடு உண்டாகிற இடத்தில் இளஞ்சிவப்பாகும். பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு, இரும்பு கரைகிற இடத்தில் நீலமாகும். முதலில் சொட்டு முழுக்க நீலப் புள்ளியும் சிவப்புப் புள்ளியும் இறைந்து கிடக்கும், எந்த ஒழுங்கும் தெரியாது. கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தால் அவை தாமாகவே பிரிந்து, நடுவில் நீலம், விளிம்பைச் சுற்றிச் சிவப்பு, இரண்டுக்கும் இடையில் பழுப்பாக ஒரு துரு வளையம் என்று நிற்கும். கல்லூரி ஆய்வகத்தில் முதன்முதலில் இதைப் பார்த்தபோது அடுத்த வகுப்புக்குப் போகவே எனக்கு மனசு வரவில்லை.

ஏன் அப்படிப் பிரிகிறது? ஒரு லிட்டர் காற்றில் 270 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜன் இருக்கிறது, நம்மூர் வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் கரைவதோ சுமார் 8 மில்லிகிராம்தான். இருக்கிற கொஞ்சமும் செலவானால் புதிதாகக் காற்றிலிருந்து ஊர்ந்துதான் வர வேண்டும். சொட்டின் விளிம்பு மெல்லிசு, அங்கே உடனே வந்துவிடும். நடுப்பகுதி கடைமடை மாதிரி, தலைமடையிலேயே எல்லாம் தீர்ந்துவிட்டால் அங்கே எதுவும் வந்து சேராது. ஆக்சிஜன் கிடைக்கிற விளிம்பு எலக்ட்ரானை வாங்கிக்கொண்டே இருக்கிறது, வாங்கியதைக் கொடுக்க யாராவது வேண்டுமே, ஆக்சிஜன் இல்லாத நடுப்பகுதி இரும்பைக் கரைத்துக் கொடுக்கிறது. ஆக, துருப்பிடிக்க ஆக்சிஜன் வேண்டும் என்று படித்ததும் உண்மை, ஆக்சிஜன் இல்லாத இடம்தான் அரிக்கிறது என்பதும் உண்மை. ஒரு முனை அனுபவிக்கிறது, மறுமுனை விலை கொடுக்கிறது.

இன்னும் இரண்டு விஷயம் சேர்ந்தால்தான் ஓட்டை. ஆக்சிஜன் கிடைக்கும் பரப்பு பெரிதாகவும் கிடைக்காத பரப்பு சின்னதாகவும் இருந்து, இரண்டையும் ஈரம் இணைத்துவிட்டால், அத்தனை பெரிய பரப்பு கேட்கிற எலக்ட்ரானையும் அந்தச் சின்ன இடமே கொடுத்தாக வேண்டும், அதனால் அது அகலமாகத் தேயாமல் நேரே ஆழத்துக்குப் போகிறது. அடுத்தது உப்பு. கரைகிற இரும்பின் நேர்மின்சுமையை ஈடுகட்ட உப்பிலிருக்கும் குளோரைடு அயனிகள் அந்தக் குழிக்குள் வந்து சேர்கின்றன, உள்ளே நீர் அமிலமாகிறது, அமிலம் அரிப்பை இன்னும் வேகமாக்குகிறது. மேலே மூடிய துரு காற்றைத் தடுத்து இதற்கு ஒத்தாசையும் செய்கிறது.

இப்போது அந்த வண்டியைப் பாருங்கள். சம்பா பருவத்துச் சேற்றில் ஓடிய வண்டி, டெல்டாக் களிமண் மட்கார்டின் உள்மடிப்பில் அப்பிக்கொண்டால் வெளியே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே ஈரத்தை விடாது. கண்ணாடி ரப்பர் வழியாகக் கசிந்த மழைநீர் கால் வைக்கிற மேட்டுக்கு அடியில் இருக்கும் சணல் மெத்தையில் தேங்கியிருக்கும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து போடுகிறது. போதாததற்கு டார்ப்பாய் போட்டு மூடி, ராத்திரி வேர்த்த நீர் வெளியேற வழியில்லாமல் செய்திருக்கிறார்கள். கூரைத் தகரம் நனைந்தாலும் சீக்கிரம் காய்ந்தது, பிழைத்தது. தரைத் தகரம் காயவே இல்லை.

வண்டிக்கு ராசியில்லை, அதை எடுத்ததிலிருந்து வீட்டில் ஒன்றும் சரியில்லை, விற்றுவிடு என்று ஒரு ஜோசியர் சொன்னதாகவும் அந்த வாசகர் எழுதியிருக்கிறார். தரையில் ஓட்டையும் பிரேக்கில் ஒழுக்கும் இருக்கிற வண்டிக்கு எந்த நட்சத்திரத்திலும் ராசி இருக்காது. சக்கரத்தில் வைத்து நசுக்குகிற எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து ஒரு வாளியில் விட்டு அதில் துருப்பிடித்த நட்டு போல்ட்டை ஊறப் போட்டாலாவது சிட்ரிக் அமிலம் ஏதோ வேலை செய்யும்.

இதற்கெல்லாம் பதில் தேடுகிற ஆய்வகம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். அரிப்பால் உலகத்துக்கு ஆகும் செலவு மொத்த உற்பத்தியில் 3.4 சதவீதம் என்று நேஸ் என்ற சர்வதேச அமைப்பு 2016-ல் கணக்குப் போட்டது. ஆனால் அரிப்பு ஆராய்ச்சி என்றால் தகடுகளைக் கடற்காற்றில் வருஷக்கணக்கில் தொங்கவிட்டு அவ்வப்போது எடுத்து நிறுத்துப் பார்ப்பது, படம் எடுத்துப் போட அதில் ஒன்றுமில்லை. ராக்கெட்டுக்குக் கைதட்டுகிறவர்கள் இதற்கும் பத்து வருஷத்துக்கு ஒரேயடியாகப் பணம் ஒதுக்கினால் என்ன என்பது என் கட்சி.

இனி செய்ய வேண்டியது. பழைய ஸ்பீக்கர் காந்தத்தைத் துணியில் சுற்றி உடம்பெல்லாம் ஓட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, யாரோ பட்டி பூசியிருக்கிறார்கள். துருவின் மேல் பட்டி பூசுவது என்பது காற்று புகாத இன்னொரு மூலையை நாமே கட்டிக்கொடுப்பது, அதனால் பட்டியை உரித்துவிட்டு, அரித்த தகரத்தை நல்ல இரும்பு வரும்வரை வெட்டியெடுத்துப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்வதுதான் வழி. பெட்ரோல் டேங்க்கைக் கழற்றி வெளியே வைக்காமல் டிங்கரை வெல்டிங் பிடிக்க விடாதீர்கள், காலி டேங்க்கில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும்.

கீல், பிராக்கெட் மாதிரிச் சின்ன இரும்புச் சாமான்களுக்கு எனக்குப் பிடித்த முறை ஒன்று உண்டு. பிளாஸ்டிக் வாளியில் சலவைச் சோடா கரைத்த தண்ணீர், பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனை சாமானில், பாசிட்டிவ் முனை ஒரு பழைய இரும்புத் துண்டில், இரண்டும் தொட்டுக்கொள்ளக் கூடாது. எலக்ட்ரானை இழந்துகொண்டிருந்த சாமானுக்கு இப்போது நாமே எலக்ட்ரானை ஊட்டுகிறோம், விலை கொடுக்கிற வேலை அந்தப் பழைய துண்டுக்குப் போய்விடுகிறது. துரு கறுத்து, நெகிழ்ந்து, பிரஷ்ஷால் தேய்த்தால் உதிரும். ஹைட்ரஜன் வரும், திறந்தவெளியில் வையுங்கள். சோடாவுக்குப் பதில் சமையல் உப்பு வேண்டாம், குளோரின் வரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துண்டும் வேண்டாம், அதிலிருக்கும் குரோமியம் நச்சாகக் கரையும். ஸ்பிரிங், அலுமினியம், கார்புரேட்டர் எதையும் இதில் போடாதீர்கள்.

கதவின் அடியிலும் பெட்டிச் சட்டத்திலும் நீர் வடிய ஓட்டைகள் இருக்கும், சேறு அடைத்திருக்கும், கம்பி விட்டுக் குத்திவிடுங்கள். இனி துருப்பிடிக்காமல் இருக்கச் சட்டத்துக்குள் மெழுகு அடிப்பதைச் சித்திரை, வைகாசி வெயிலில் உள்ளே முழுக்கக் காய்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள், ஐப்பசியில் அடித்தால் ஈரத்தையும் சேர்த்து மூடிவிடுவீர்கள்.