பத்து மணிப் பசி மூளையில் எப்படி உருவாகிறது?

காலை பத்து மணிக்குப் பசியாறிப் பழகியவருக்கு, விடுப்பு நாளில் சும்மா படுத்திருந்தாலும் பத்து மணிக்கு வயிறு கூப்பிடும். உடலில் சக்தி தீர்ந்து வரும் பசியல்ல அது. வழக்கமான சாப்பாட்டு வேளை நெருங்கும்போது இரைப்பை, கிரெலின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. 1999இல் ஜப்பானில் கோஜிமாவும் கங்காவாவும் கண்டறிந்த ஹார்மோன் இது. அந்த வேளை கடந்ததும், சாப்பிடாமல் விட்டாலும் இது தானாகவே இறங்கிவிடும். தைப்பூச விரதம் இருப்பவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் நன்றாகத் தெரியும்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ரப்பர்த் தோட்டப் பட்டணங்களில் இந்த வேளைக் கணக்கு தலைமுறைகளாக வந்தது. விடியுமுன் பெரட்டு (ஆள்கணக்கு எடுப்பு), பிறகு நிரை நிரையாகப் பால்வெட்டு, நிறைந்த வாளிகளோடு நடை. அந்த உழைப்பு, பசியாறச் சாப்பிட்ட ரொட்டியையும் இனிப்புத் தேத்தண்ணியையும் எரித்துத் தீர்த்தது. இன்று பலருக்கு வேலை தொழிற்சாலை ஷிப்டிலும் லோரி இருக்கையிலும்தான். தட்டில் மட்டும் மாற்றமில்லை. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. வாய்க்கட்டுப்பாடு இல்லாததுதான் காரணம் என்று பழிப்பது எளிது. ஆனால் பசியை ஆள்வது மூளையின் அடியில் இருக்கும் ஹைபோதலாமஸ்.

அங்கே இரண்டு வகை நரம்பணுக்கள் எதிரெதிராக இயங்குகின்றன. ஒன்று ‘சாப்பிடு, சக்தியைச் சேமி’ என்கிறது. இதைக் கிரெலின் தூண்டுகிறது. மற்றது ‘போதும்’ என்கிறது. இதை லெப்டின் தூண்டுகிறது. 1994இல் நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் கண்டறிந்த லெப்டினைக் கொழுப்பணுக்களே சுரக்கின்றன. கொழுப்பு கூடினால் லெப்டினும் கூடும், பசி அடங்க வேண்டும். ஆனால் உடல் பருத்தவர்களில் பெரும்பாலோருக்கு இரத்தத்தில் லெப்டின் ஏராளமாக இருந்தும் மூளை அதைக் கேட்பதில்லை. அதனால்தான் லெப்டினை ஊசியாகப் போட்டும் அவர்களுக்குப் பெரிய பலன் கிடைக்கவில்லை.

குடலிலிருந்து வரும் ஜி.எல்.பி-1 என்ற ஹார்மோன் வேறு வழியில் வேலை செய்கிறது. உணவு குடலை எட்டியதும் சுரந்து, இன்சுலினைத் தூண்டி, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தி, மூளைக்கும் நிறைவைச் சொல்கிறது. இயற்கையில் இரண்டே நிமிடங்களில் இதில் பாதி சிதைந்துவிடும். நீரிழிவுக்கும் எடைக் குறைப்புக்கும் தரப்படும் செமாகுளுட்டைட் ஊசியில் இதே மூலக்கூற்றின் அமைப்பைச் சற்று மாற்றியிருப்பதால், பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரமாகும். வாரம் ஒரு முறை போட்டால் போதும் என்பது இதனால்தான்.

இந்தச் சமநிலையை வேகமாகக் குலைப்பது தூக்கக் குறைவு. 2004இல் சிகாகோவில் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நாலு மணி நேரமே தூங்க வைத்தார்கள். பத்து மணி நேரம் படுக்கையில் இருந்தபோது இருந்ததைவிட லெப்டின் 18 விழுக்காடு குறைவாகவும், கிரெலின் 28 விழுக்காடு கூடுதலாகவும் இருந்தன. இரவு ஷிப்ட் முடித்து வருபவருக்கு ஒரு ரொட்டி சானாய் போதாமல் போவதில் வியப்பில்லை. முதலில் சரிசெய்ய வேண்டியது தூக்கத்தைத்தான் என்பது எங்கள் உறுதியான கருத்து: இருட்டறை, அணைத்த கைப்பேசி, ஏழு மணி நேரம்.

அடுத்தது தேத்தண்ணி. அதில் கலக்கும் இனிப்புக் கெட்டிப்பாலில் இரண்டு மேசைக்கரண்டிக்குச் சுமார் 20 கிராம் சர்க்கரை இருக்கிறது. மென்று தின்னும் உணவு தரும் அளவுக்கு, குடிக்கும் சர்க்கரை நிறைவு தருவதில்லை. ஒரே நாளில் கெட்டிப்பாலை நிறுத்தினால் பலர் மூன்றாம் நாள் திரும்பிவிடுவார்கள். வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்தால் நாக்கு பழகிக்கொள்ளும். தட்டிலும் வரிசை முக்கியம். கீரை, முட்டை, மீன், பருப்பு முதலில், சோறு கடைசியில். அதே உணவுதான், ஆனால் உணவுக்குப் பின் சர்க்கரை ஏற்றம் குறைகிறது.

ஆயுளுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. தேவைக்கு மேல் போகும் சக்தி வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் கொழுப்பாகத் தங்கி, இன்சுலின் எடுபடாமல் செய்து, இரத்தக்குழாய்களையும் சிறுநீரகங்களையும் கெடுக்கிறது. அமெரிக்காவில் பருமனில்லாதவர்களை வைத்து நடந்த இரண்டாண்டு ஆய்வில், சராசரியாக 12 விழுக்காடு கலோரி குறைத்தவர்களுக்கு இரத்த அழுத்தம், கொழுப்பு, இன்சுலின் செயல்பாடு மூன்றும் மேம்பட்டன. அவர்களின் டி.என்.ஏ. மீது ஒட்டும் வேதிக் குறிகளை வைத்து 2023இல் வெளியான அளவீடு ஒன்றில் முதுமையின் வேகமும் 2 முதல் 3 விழுக்காடு குறைந்திருந்தது. எலிகளில் ஹைபோதலாமஸ் அழற்சியைத் தடுத்தபோது ஆயுளே நீண்டது. மனிதரில் அது இன்னும் நிறுவப்படவில்லை.

பட்டினி கிடந்து வேகமாக இளைப்பவர்களிடம் மூளை திருப்பி அடிக்கும். 2011இல் மெல்போர்ன் ஆய்வில், எடை குறைத்து ஓராண்டான பிறகும் கிரெலின் உயர்ந்தும் லெப்டின் தாழ்ந்தும் இருந்தன. ஆகவே எடை குறைந்த பிறகும் உணவுப் பழக்கத்தை விடாமல், இடுப்பளவை மாதம் ஒரு முறை பாருங்கள்: ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. என்பதற்குள் இருப்பது நல்லது. கிளிக்கிளாசைடு மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர்கள் ஒரு வேளை உணவைத் தவிர்த்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். விரதமோ உணவுக் குறைப்போ தொடங்குமுன் கிளினிக்கில் மருந்தளவை மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். கை நடுங்கி வியர்த்தால் விரதத்தைப் பார்க்காமல் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் கழித்து இரத்தச் சர்க்கரையைச் சோதியுங்கள்.