ஸ்லோ பழம் கடித்தால் நாக்கு ஏன் ஒட்டிக்கொள்கிறது?

இங்கிலாந்தில் மகள் வீட்டில் இருக்கும் ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "அக்டோபரில் வயல் ஓரமாக நடக்கும்போது முள்வேலியில் நாவல்பழம் மாதிரி கருநீலப் பழங்கள். ஆசையாக ஒன்றைக் கடித்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது! உறைபனி விழுந்த பிறகு பறிக்க வேண்டும், இல்லையென்றால் ஃப்ரீசரில் வைக்க வேண்டும் என்கிறார் பக்கத்து வீட்டம்மா. நிஜமா?"

நிஜம்தான். அந்தச் செடி பிளாக்தார்ன், பழம் ஸ்லோ. பிளம், செர்ரி, பாதாமுக்கு நெருங்கிய சொந்தம். வசந்தத்தில் இலை துளிர்க்கும் முன்பே கரிய கிளையெல்லாம் வெள்ளையாகப் பூக்கும். ஆடு மாடு நுழையாமலிருக்க அங்கே இதை உயிர்வேலியாக வளர்த்தார்கள். இந்தப் பழத்தோடு மனிதனுக்குள்ள பழக்கம் மிகப் பழையது. 1991இல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த, 5,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஊட்சி என்ற மனிதனின் உடலருகே ஒரு ஸ்லோ பழமும் இருந்தது.

சரி, வாய்க்கு வருவோம். நமது எச்சில் வெறும் தண்ணீர் இல்லை. புரோலின் என்ற அமினோ அமிலம் நிறைந்த புரதங்கள் அதில் மிதக்கின்றன. வாயின் வழவழப்பில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. ஸ்லோவில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருளின் மூலக்கூறுக்குப் பிடித்துக்கொள்ளப் பல இடங்கள். ஒரு பக்கம் ஒரு புரதத்தையும் மறுபக்கம் இன்னொன்றையும் பற்றி இழுக்கிறது. புரதங்கள் திரிதிரியாகத் திரண்டு எச்சிலிலிருந்து பிரிகின்றன. எண்ணெய் வற்றிய கீல் போல நாக்கு கன்னத்தில் உரசுகிறது. அந்த உராய்வைத்தான் துவர்ப்பு என்கிறோம். அறுசுவையில் ஒன்றாக நாம் எண்ணினாலும், இது பெரும்பாலும் தொடு உணர்ச்சி! இரண்டாவது கடி முதல் கடியை விடத் துவர்ப்பதும் அதனால்தான். எச்சில் ஊறி ஈடுகட்ட நேரம் கிடைப்பதில்லை. ஆவாரம்பட்டையில் தோலைப் பதனிடுவதும் இதே வேதியியல், அங்கே டானின் பிடிப்பது தோலின் புரதத்தை. கட்டன் சாயாவில் பால் விட்டால் துவர்ப்பு குறைகிறதே, அங்கே நம் எச்சிலுக்கு முன்பாகப் பால் புரதம் டானினைப் பிடித்துக்கொள்கிறது.

துவர்ப்பு பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதி திராட்சை மதுவைச் சுற்றியே நடக்கிறது. பணம் அங்கேதான் இருக்கிறது. துவர்ப்புக்குத் தனிப் பெயர் வைத்து, வாழைப்பூவையும் கடுக்காயையும் அன்றாடம் புழங்கும் நாம் இதற்கு நிதி ஒதுக்க வேண்டாமா?

இனி உறைபனி. பிளாக்தார்ன் பூவை வீட்டுக்குள் கொண்டுவந்தால் சாவு வரும் என்றும் அந்த ஊர்களில் சொல்வார்கள். அது மூடநம்பிக்கை, தாராளமாக ஒதுக்கிவிடலாம். உறைபனிப் பேச்சு அப்படியல்ல. நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது. பனிப்படிகங்கள் செல்களைக் கிழிக்க, உள்ளே தனிப் பைகளில் அடைபட்டிருந்த டானின் கசிந்து, பழத்தின் சொந்தச் செல் சுவர்களிலேயே ஒட்டிக்கொள்கிறது. எச்சிலைப் பிடிக்க மிஞ்சுவது குறைவு. ஃப்ரீசரும் அதே வேலையைச் செய்யும்.

ஓர் இரவு ஃப்ரீசரில் வைத்து எடுங்கள். உருகியதும் தோல் வெடித்திருக்கும், விரலால் அழுத்தினால் கருஞ்சிவப்புச் சாறு வரும். அங்குள்ளவர்கள் இதைச் சர்க்கரையோடு ஜின் என்ற மதுவில் இரண்டு மூன்று மாதம் ஊறப்போடுவார்கள். உங்களுக்கு ஜெல்லி போதும்: கொஞ்சம் தண்ணீரில் வேகவைத்து, துணியில் வடித்து, சர்க்கரை சேர்த்துக் காய்ச்சுங்கள். கொட்டையை மட்டும் மிக்ஸியில் அரைத்துவிடாதீர்கள். நொறுங்கினால் அதிலிருந்து சயனைடு வெளிப்படும்.