அப்போஸ்டில்: கையெழுத்துக்கு ஒரு கையெழுத்து

ஜெராக்ஸ் கடையில் எனக்கு முன்னால் நின்ற பையன் கடைக்காரரிடம் கேட்டான்: “அண்ணே, அப்போஸ்தலர் சர்ட்டிபிகேட்டுனு ஒண்ணு கேக்குறாங்க. அது எங்க வாங்கணும்?” கடைக்காரர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. “அது சர்ச்சுலதான் குடுப்பாங்க தம்பி. ஃபாதரப் போய்ப் பாரு.”

இருவர் மேலும் குற்றமில்லை. பையன் சொல்ல வந்தது அப்போஸ்டில்: வெளிநாட்டில் காட்ட வேண்டிய ஆவணத்தில் உள்ள கையெழுத்து உண்மையானது என்று அரசு ஒட்டித் தரும் சான்று. அந்தச் சொல்லை யாரும் ஒரே மாதிரி உச்சரித்து நான் கேட்டதில்லை. அப்போஸ்டல், அபாஸ்டைல், அப்போஸ்டில்லி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் சொன்னால் ‘அப்போஸ்தீய்’ என்பதுபோல் காதில் விழும். சான்றிதழ்களை மொழிபெயர்த்துத் தருவது என் பிழைப்பு. வாரத்தில் நாலு நாளாவது இந்தச் சொல் என் மேசைக்கு வந்துவிடும் என்பதால், இதன் ஊர், பேர், குலம், கோத்திரத்தை விசாரித்து வைத்திருக்கிறேன்.

முதலில் அப்போஸ்தலர் விவகாரத்தை முடித்துவிடலாம். இயேசுவின் தூதரான அவர் கிரேக்க மொழியிலிருந்து வந்தவர். ‘அபோஸ்டொலோஸ்’ என்றால் அனுப்பப்பட்டவர். நம் அப்போஸ்டிலோ லத்தீன் வழி வந்தது. ஒலி ஒத்துப்போகிறதே தவிர, இருவருக்கும் உறவில்லை.

இடைக்கால ஐரோப்பாவில் வேதாகமத்துக்கு விளக்கம் எழுதியவர்கள், மூல வரியைக் காட்டிவிட்டு, ‘போஸ்ட் இல்லா வெர்பா’, அதாவது ‘அந்தச் சொற்களுக்குப் பின்’ என்று தொடங்கித் தங்கள் குறிப்பைச் சேர்ப்பார்களாம். அந்த முதல் இரண்டு சொற்களும் ஒட்டிக்கொண்டு ‘போஸ்டில்லா’ ஆகி, விளக்கக் குறிப்புக்கே பெயராகிவிட்டது என்பதுதான் பெரும்பாலான சொல்லாய்வாளர்கள் ஏற்கும் வரலாறு. பிரெஞ்சில் அதுவே அப்போஸ்டில்: ஏட்டின் ஓரத்தில் எழுதும் குறிப்பு. ஸ்பானிய மொழியில் அப்போஸ்டில்யா என்பதற்கு இன்றும் ஓரக்குறிப்பு என்ற பொருள் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் ஒரு மனுவின் ஓரத்தில் பெரிய மனிதர் எழுதிக் கொடுக்கும் பரிந்துரையையும் இந்தப் பெயரால் அழைத்தார்கள். மனுவின் மூலையில் ‘ஆவன செய்க’ என்று எழுதி வாங்கியவர்களுக்கு இது புதிதல்ல.

சொல்லுக்குச் சொல் பார்த்தால் நம்மிடம் இருக்கும் ‘பின்குறிப்பு’தான் இதற்கு நேர் இணை. ஆனால் கடிதத்தின் அடியில் பி.கு. போட்டு ‘அம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும்’ என்று எழுதுவதற்கும் இதற்கும் இப்போது வெகுதூரம். அந்தத் தூரத்தைக் கடந்த கதைக்கு 1961 வரை வர வேண்டும்.

ஒரு நாட்டு அலுவலரின் கையெழுத்து இன்னொரு நாட்டில் யாருக்குத் தெரியும்? தஞ்சாவூரில் பிறப்புச் சான்றிதழில் கையெழுத்திட்ட பதிவாளரை லிஸ்பனில் உள்ள அதிகாரிக்குத் தெரியாது. அதற்காக ஒரு சங்கிலி போட்டார்கள். பதிவாளரின் கையெழுத்து சரிதான் என்று அவருக்கு மேலுள்ளவர் சொல்வார். அவர் கையெழுத்தை மாநில அரசு உறுதி செய்யும். மாநிலத்தின் கையெழுத்தை வெளியுறவு அமைச்சகம் உறுதி செய்யும். அமைச்சகத்தின் கையெழுத்தை அந்த நாட்டுத் தூதரகம் உறுதி செய்யும். சில நேரம் அந்த ஊர் போய்ச் சேர்ந்தபின், அங்குள்ள அமைச்சகம் தன் தூதரகத்தின் கையெழுத்தையும் உறுதி செய்யும். வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்கு ‘எம்பசி அட்டெஸ்டேஷன்’ (தூதரக உறுதி), ‘மோஃபா’ (அங்குள்ள வெளியுறவு அமைச்சகம்) என்ற இரண்டு சொற்களும் கரைத்துக் குடித்த பாடம்.

இந்தச் சங்கிலிக்கு ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் லீகலைசேஷன் என்று பெயர். இதைச் சிலர் ‘சட்டபூர்வமாக்கல்’ என்று தமிழாக்குகிறார்கள். பார்த்தாலே பகீர் என்கிறது. அதுவரை அந்தப் பிறப்புச் சான்றிதழ் சட்டவிரோதமாகவா இருந்தது? இங்கே நடப்பது கையெழுத்தை மெய்ப்பிக்கும் வேலை மட்டும்தான். ஆகவே ‘மெய்யுறுதி’ என்று எழுதினால் போதும்.

1961 அக்டோபர் 5 அன்று நெதர்லாந்தின் ஹேக் நகரில் உருவான உடன்படிக்கை இந்தச் சங்கிலியை அறுத்தது. உறுப்பு நாடுகளுக்கிடையே தூதரக மெய்யுறுதி இனி வேண்டாம், ஆவணம் பிறந்த நாட்டில் ஒரே ஓர் அலுவலகம் ஒரு சான்று ஒட்டினால் போதும் என்றது. 1965 ஜனவரி 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்த ஒரு சான்றுக்கு வைத்த பெயர்தான் அப்போஸ்டில். ஆவணத்தின் மேலேயே, அல்லது அதோடு இணைத்த ஒட்டுத்தாளில் இடம்பெற வேண்டும் என்பது விதி. ஓரக்குறிப்பு என்ற பழைய பொருள் அதில் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது பாருங்கள்.

அதன் உருவத்தையும் உடன்படிக்கையே வரைந்து கொடுத்திருக்கிறது. பக்கத்துக்குக் குறைந்தது 9 செ.மீ. உள்ள ஒரு சதுரம். உள்ளே எண்ணிட்ட 10 வரிகள். முதல் வரி நாடு. இரண்டாவது, இந்த ஆவணத்தில் கையெழுத்திட்டவர் பெயர். மூன்றாவது, அவர் எந்தப் பதவியில் இருந்து கையெழுத்திட்டார். நான்காவது, ஆவணத்தில் உள்ள முத்திரை யாருடையது. மிச்சம் ஆறும் இடம், தேதி, சான்றளிப்பவர், வரிசை எண், முத்திரை, கையெழுத்து.

இந்தப் பத்தையும் இன்னொரு முறை படியுங்கள். சான்றிதழுக்கு உரியவரின் பெயர் எங்காவது கேட்கப்படுகிறதா? பிறந்த தேதி? வாங்கிய மதிப்பெண்? எதுவும் இல்லை. கையெழுத்து உண்மையானது, கையெழுத்திட்டவர் அந்தப் பதவியில் இருந்தவர், முத்திரை அந்த அலுவலகத்தினுடையது. இந்த மூன்றைத் தாண்டி அப்போஸ்டில் வாய் திறப்பதில்லை. உள்ளே எழுதியிருப்பது மெய்யா பொய்யா என்பது அதன் பொறுப்பல்ல. போலிப் பட்டம் ஒன்றின் நகலில் நோட்டரி ஒருவர் கையெழுத்திட்டு, அந்தக் கையெழுத்துக்கு அப்போஸ்டில் வாங்கினால், மெய்யாவது நோட்டரியின் கையெழுத்துதான். பட்டம் போலியாகவே இருக்கும். ‘எங்கள் சான்றிதழ் ஹேக் அங்கீகாரம் பெற்றது’ என்று விளம்பரம் செய்யும் கல்வி நிறுவனங்களைக் கண்டால் நான் நாலு அடி தள்ளி நிற்பது இதனால்தான்.

இந்தியா இந்த உடன்படிக்கையில் சேர்ந்தது 2004இல். 2005 ஜூலை 14 முதல் நமக்கு நடைமுறை. நம் சேர்க்கைக்கு ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்ததால், அந்த நாட்டோடு இந்த வழி திறக்கவில்லை. இன்று 120க்கும் மேற்பட்ட நாடுகள் உள்ளே இருக்கின்றன. சிங்கப்பூர் 2021இலும், சவுதி அரேபியா 2022இலும், சீனா 2023இலும், கனடா 2024இலும் நடைமுறைக்குக் கொண்டுவந்தன. இலங்கை உறுப்பு நாடு அல்ல. அங்குள்ள தமிழர்கள் வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்திய பிறகு தூதரகத்தையும் நாட வேண்டியிருக்கும்.

இந்தியாவில் அப்போஸ்டில் தருவது வெளியுறவு அமைச்சகம். முன்பு எல்லாம் டெல்லிக்குத்தான் போக வேண்டும். 2019 முதல் சென்னை உள்ளிட்ட 15 நகரங்களுக்குப் பரவலாக்கினார்கள். அப்போஸ்டிலுக்குப் போகும் முன் மாநில அரசின் உரிய துறையில் ஒரு சான்று வாங்க வேண்டும் என்பதால், சங்கிலி முழுக்க அறுந்துவிடவில்லை, கண்ணிகள் குறைந்திருக்கின்றன, அவ்வளவே. அரசுக் கட்டணம் ஓர் ஆவணத்துக்கு 50 ரூபாய். இடையில் நிற்பவர்கள் வாங்குவது வேறு கணக்கு.

நான் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுண்டு. அக்கா மகளின் மதிப்பெண் சான்றிதழை எடுத்துக்கொண்டு போனேன். அத்தான் அதைப் பொக்கிஷமாகப் பாதுகாக்க வேண்டுமென்று, வாங்கிய அன்றைக்கே பஸ் ஸ்டாண்ட் கடையில் லேமினேஷன் போட்டுவிட்டார். கவுண்டரில் இருந்த அம்மா வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “இதுல எங்க சார் ஒட்டுறது?” என்றார். ஸ்டிக்கர் ஒட்டுவது சான்றிதழின் பின்பக்கத்தில். அங்கே ஒரு பிளாஸ்டிக் சுவர். வீட்டுக்குத் திரும்பி, இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் வைத்து, மூலையிலிருந்து நூல் நூலாக உரித்தோம். பாதி வந்ததும் தலைமை ஆசிரியர் முத்திரையின் ஊதா மை பிளாஸ்டிக்கோடு சேர்ந்து வரத் தொடங்கியது. அக்கா “போதும், விடு” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் நகல் சான்றிதழுக்கு விண்ணப்பித்து, அது வர இரண்டு மாதம் ஆனது.

சரி, தமிழில் இதை என்ன சொல்லலாம்?

‘சான்றொப்பம்’ என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. ஆனால் அது பச்சை மைக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டது. நகலை மூலத்தோடு பார்த்து அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர் போடும் கையெழுத்துக்கு அதுதான் பெயர் என்று விண்ணப்பப் படிவங்கள் நமக்குப் பழக்கிவிட்டன. ‘மேலொப்பம்’ இன்னும் நெருங்கி வருகிறது. கையெழுத்துக்கு மேல் கையெழுத்து. ஆனால் அலுவலக வழக்கில் மேலொப்பமிட்டவர் உள்ளடக்கத்துக்கும் பொறுப்பாகிறார். அப்போஸ்டில் தவிர்ப்பதே அந்தப் பொறுப்பைத்தான். ‘அத்தாட்சி’ இலங்கையில் உயிரோடு புழங்கும் சொல். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் என்று சான்றிதழையே அப்படிச் சொல்வதால், சான்றிதழுக்கு மேல் ஒட்டுவதற்கும் அதே சொல் வந்தால் குழம்பும். இன்னும் பின்னே போனால் ‘கரி’ இருக்கிறது. சாட்சிக்குப் பழந்தமிழ்ச் சொல். ‘இந்திரனே சாலுங் கரி’ என்று குறளில் வருவது அந்தக் கரிதான். ஆனால் இன்று ‘கரி வாங்கி வா’ என்றால் அடுப்புக்குத்தான் வரும்.

நூல்களை விட்டுக் கல்வெட்டுக்குப் போனால் விஷயம் சுவையாகிறது. சோழர் காலத்து நில விற்பனைக் கல்வெட்டுகளின் கடைசியில் சாட்சிகள் வரிசையாக வருவார்கள். ‘இப்படி அறிவேன்’ என்று சொல்லித் தம் பெயரை எழுதுவார் ஒருவர். நடந்தது எனக்குத் தெரியும் என்பது அதன் பொருள். அது உள்ளடக்கத்துக்கான சாட்சி. எழுதப் படிக்கத் தெரியாதவர் இருந்தால், அவர் ஒரு கீறலைத் தன் குறியாக இடுவார். அதுவே தற்குறி, தன் குறி. இன்று ஆளைத் திட்டப் பயன்படும் ‘தற்குறி’ அந்தக் கீறலிலிருந்து வந்ததுதான். அந்தக் குறி இன்னாருடையதுதான் என்று எழுத்தறிந்த இன்னொருவர் பக்கத்தில் கையெழுத்திடுவார். இதற்குத் ‘தற்குறி மாட்டெறிதல்’ என்று பெயர். நிலத்தின் எல்லை சரியா, விலை சரியா என்பதெல்லாம் இவர் கவலையல்ல. குறி அவனுடையது, அவ்வளவுதான். ஹேக் நகரில் கூடியவர்கள் 1961இல் வரைந்த சதுரத்துக்குள் இருப்பதும் இதே வேலைதான்.

மாட்டெறிதல் என்ற சொல்லை மீட்டு வாருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கவுண்டரில் போய் ‘மாட்டெறிய வந்திருக்கிறேன்’ என்றால் காவலரைக் கூப்பிடுவார்கள். நான் எழுதுவது ‘ஒப்பச்சான்று’. ஒப்பம் என்றால் கையெழுத்து. ஆகவே கையெழுத்தைப் பற்றிய சான்று. அலுவலகத்தில் நடப்பதும், கைவசமுள்ள மாதிரிக் கையெழுத்தோடு வந்த கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான். ஒப்பம், ஒப்பு, ஒப்பிடல் எல்லாம் ஒரே வேர் என்பதால் சொல் தானே தன் வேலையைச் சொல்லிவிடுகிறது.

ஒன்றை மட்டும் ஞாபகம் வைக்க வேண்டும். தமிழில் எவ்வளவு நல்ல சொல் கண்டாலும் அந்தச் சதுரத்தின் தலைப்பில் அது ஏறாது. எந்த நாட்டு ஒப்பச்சான்றிலும் தலைப்பு பிரெஞ்சில்தான் இருக்க வேண்டும் என்று உடன்படிக்கையின் 4ஆம் பிரிவு சொல்கிறது. உள்ளே உள்ள வரிகளை அவரவர் மொழியில் எழுதிக்கொள்ளலாம். அதனால் மொழிபெயர்க்கும்போது தலைப்பில் கை வைக்காமல் அப்போஸ்டில் என்றே விட்டு, விளக்கம் வரும் இடத்தில் மட்டும் ஒப்பச்சான்று என்று போடுகிறேன்.

ஜெராக்ஸ் கடைப் பையனிடம் இவ்வளவும் சொல்லவில்லை. சர்ச் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு, வழக்கமாக எல்லோரிடமும் முதலில் கேட்பதைக் கேட்டேன்.

“எந்த நாட்டுக்குப் போற தம்பி?”

“குவைத்துங்க சார்.”

“குவைத் அந்த உடன்படிக்கையிலயே இல்லப்பா. உனக்கு அப்போஸ்டிலே வேண்டாம். எம்பசி அட்டெஸ்டேஷன்தான்.”

அவன் கையிலிருந்த ரசீதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “ஏஜெண்ட் இதுக்குன்னு நேத்தே பணம் வாங்கிட்டாரே சார்.”